அயோடின்-125 விதை: சான்றிதழில் உள்ள மில்லிகியூரி எதன் அளவு?

புரோஸ்டேட் புற்றுநோய்க்காக உடலுக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்படும் அயோடின்-125 விதை, ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு டைட்டானியக் குழாய். அதனுடன் வரும் சான்றிதழில் கதிரியக்கச் செயல்பாட்டின் அலகான மில்லிகியூரியில் ஓர் எண் இருந்தால், அது பெரும்பாலும் உள்ளே அடைபட்டிருக்கும் அயோடினின் உண்மையான கதிரியக்கச் செயல்பாடு அன்று என்பதை இளம் மருத்துவ இயற்பியலாளர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

அயோடின்-125 வெளியிடும் ஃபோட்டான்களின் ஆற்றல் 27 முதல் 35 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரைதான். அவற்றில் ஒரு பகுதியை விதையின் உட்பொருளும் உறையுமே விழுங்கிவிடுகின்றன. ஆகவே சான்றிதழ் தருவது தோற்றச் செயல்பாடு: உறையே இல்லாத, புள்ளி போன்ற ஓர் அயோடின்-125 மூலப்பொருள் இதே வலிமையில் கதிர்வீச வேண்டுமானால் அதற்கு எவ்வளவு செயல்பாடு தேவையோ, அந்த அளவு. உண்மையான அளவை நேரடியாக அறிய உறையைக் கரைத்து எண்ண வேண்டும். அப்படி அளந்த விதை நோயாளிக்குப் பயன்படாது. இதனால்தான் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 1995-இல் வெளியிட்ட டிஜி-43 என்ற டோஸ் கணக்கிடும் நெறிமுறை, காற்றுக் கெர்மா வலிமையை, அதாவது விதைக்கு வெளியே அதன் கதிர்கள் காற்றுக்குத் தரும் ஆற்றலைக் கொண்டு அளக்கும் வலிமையை, கணக்கின் அடிப்படையாக்கியது.

அந்த வலிமையை அளப்பதும் எளிதாக அமைந்துவிடவில்லை. டைட்டானிய உறையிலிருந்து எழும் 4.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிர்கள் திசுவில் ஒரு மில்லிமீட்டர் கூடத் தாண்டாதவை. ஆயினும் பழைய தர அளவீட்டில் அவையும் சேர்ந்து எண்ணப்பட்டன. 1999-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் அவற்றை நீக்கியபோது, அதே விதையின் வலிமை ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்த எண்ணாகப் பதிவானது. புதிய எண்ணோடு பழைய டோஸ் வீத மாறிலியை (வலிமையைத் திசு பெறும் டோஸ் வீதமாக மாற்றும் எண்ணை) பெருக்கினால் கணக்கில் டோஸ் குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்ட விதைகளைக் கூட்டினால் நோயாளிக்கு அதே அளவு மிகுதியாகப் போய்ச் சேரும்.

மருத்துவமனையில் விதையின் வலிமையை அளக்க நம் கையில் இருப்பது கிணறு வடிவ அயனியாக்க அறை. அது காட்டும் எண்ணை வலிமையாக மாற்றும் அளவுத்திருத்தக் காரணி, பயன்படுத்தும் அதே மாதிரி விதைக்குப் பெறப்பட்டதாக இருக்க வேண்டும். வேறு மாதிரிக்கான காரணியை ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தனி விதைகளாக வந்தால் 10 சதவீதத்தையோ 10 விதைகளையோ, எது அதிகமோ அதை அளக்க வேண்டும். சராசரி 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், பொருத்துவதற்கு முன்பே உற்பத்தியாளரிடம் பேசித் தீர்க்க வேண்டும். அரை ஆயுட்காலம் 59.4 நாள் என்பதால், சான்றிதழ் தேதியிலிருந்து 10 நாள் கழிந்தாலே வலிமை சுமார் 11 சதவீதம் குறைந்திருக்கும். அலகையும் பார்க்க வேண்டும்: 1 மில்லிகியூரி தோற்றச் செயல்பாடு, 1.27 U காற்றுக் கெர்மா வலிமைக்குச் சமம் (U என்பது அந்த வலிமையின் அலகு). திட்டமிடும் மென்பொருளில் இரண்டையும் மாற்றிப் பதிந்தால், பொருத்திய பிறகு அந்தப் பிழையைத் திரும்ப எடுக்க வழியில்லை.