போன்சாய்: குட்டை மரம் என்று சொல்லலாமா?

பட்டிமன்றங்களும் புதுக்கவிதைகளும் போன்சாய் மரத்துக்கு நிரந்தர வேலை ஒன்று கொடுத்து வைத்திருக்கின்றன. வளரவிடாமல் அடக்கப்பட்ட குழந்தை, வீட்டுக்குள் முடக்கப்பட்ட பெண், அடுக்குமாடியில் அடைபட்ட வாழ்க்கை என்று எதைச் சொல்ல வேண்டுமானாலும் அந்த மரத்தை மேடைக்கு இழுத்து வந்து பரிதாபப்படுகிறோம். இந்தப் பரிதாபத்தில் பாதி, நாம் அதற்குச் சூட்டிய தமிழ்ப் பெயர்களிலிருந்து வருகிறது. குட்டை மரம், குள்ள மரம், கொஞ்சம் மரியாதை கூட்டிக் குறுமரம்: மூன்றும் உயரத்தை அளந்து வைத்த பெயர்கள். மூலச் சொல்லோ உயரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போன்சாய் ஜப்பானியச் சொல். 'போன்' என்பது ஆழம் குறைந்த கலம், தட்டு. 'சாய்' என்பது நடுதல், நட்டு வளர்த்தல். இரண்டையும் ஜப்பானியர் எழுதுவது சீன எழுத்துகளில். அதே எழுத்துகளைச் சீனர் 'பென்சாய்' என்று படிப்பார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதைச் சரிபார்ப்பது எளிது. சீன மொழி தெரிந்த சக ஊழியரையோ அண்டை வீட்டாரையோ அந்த இரண்டு எழுத்துகளையும் எழுதிக் காட்டச் சொல்லலாம். முதல் எழுத்தின் அடிப்பகுதியில் பாத்திரத்தைக் குறிக்கும் வடிவம் இருக்கும். இரண்டாவது எழுத்துக்குள் மரத்தைக் குறிக்கும் வடிவம் இருக்கும். சிறியது என்று பொருள்படும் கோடு ஒன்றுகூட இரண்டிலும் இல்லை.

சீனர்கள் அதிகம் புழங்குவது 'பென்ஜிங்' என்ற இன்னொரு சொல். அதற்குக் கலத்தில் அமைந்த காட்சி என்று பொருள். மரம் மட்டும் அல்லாமல் பாறை, நீர், பாலம், தூண்டில் போட்டபடி உட்கார்ந்திருக்கும் பொம்மைக் கிழவர் எல்லாம் அதில் அடக்கம். சிங்கப்பூரின் ஜூரோங் சீனத் தோட்டத்தில் 1992இல் சூசோ நகரப் பாணியில் திறக்கப்பட்ட யுன் சியூ யுவான் தோட்டம் இந்த மரபைச் சேர்ந்தது. ஜப்பானியர்கள் பொம்மையையும் பாலத்தையும் எடுத்துவிட்டு மரத்தை மட்டும் தனியே நிறுத்தினார்கள் என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எது முந்தியது என்ற சண்டைக்கும் விடை உண்டு. சீனாவில் தாங் அரச மரபைச் சேர்ந்த சாங்ஹுவாய் இளவரசரின் கல்லறைச் சுவரில், கி.பி. 706இல் தீட்டப்பட்ட ஓவியத்தில், பணியாளர்கள் சிறு செடியும் கல்லும் வைத்த தட்டை ஏந்தி நிற்கிறார்கள். ஜப்பானில் 1309ஆம் ஆண்டு ஓவியச் சுருள் ஒன்றில் கலத்தில் வளரும் மரங்களைக் காணலாம். கலை சீனாவிலிருந்து போனது. உலகெங்கும் பரவிய பெயர் மட்டும் ஜப்பானிய ஒலியில் நின்றுவிட்டது.

இனி நமக்கு நெருக்கமான பகுதி. போன்சாய் என்ற சொல் பொதுவழக்காவதற்கு முன் ஜப்பானில் 'ஹாச்சி நோ கி' என்ற பெயர் வழங்கியது. 'கி' என்றால் மரம். 'ஹாச்சி' என்றால் கலயம். இந்த ஹாச்சி எங்கிருந்து வந்தது? புத்த பிக்குகள் கையில் ஏந்திய ஐயக் கலத்துக்கு வடமொழியில் 'பாத்ர' என்று பெயர். பௌத்தத்தோடு அது சீனாவுக்குப் போய் ஓரசையாகச் சுருங்கி, ஜப்பானுக்குப் போய் ஹாச்சி ஆனது. மணிமேகலையின் 'பாத்திரம் பெற்ற காதை'யில் உள்ள பாத்திரமும் இதுவே. நம் வீட்டுச் சமையலறையில் கழுவக் கிடப்பதும் இதுவே. ஆக, ஹாச்சி நோ கி என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் 'பாத்திர மரம்' என்று வரும். பாத்திரக் கடை நினைவு வந்துவிடும் என்பதால் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே பெயரில், 'நோ' எனப்படும் ஜப்பானிய மரபு நாடக வகையில் ஒரு பழைய நாடகமும் உண்டு. பனி கொட்டும் இரவில் வழிப்போக்கத் துறவி ஒருவர் ஏழை வீரனின் குடிலுக்கு வருகிறார். குளிர்காய விறகு இல்லை. வீரன் தான் அருமையாக வளர்த்த மூன்று கலயமரங்களை, பிளம், செர்ரி, பைன், ஒவ்வொன்றாக வெட்டி எரிக்கிறான். துறவியாக வந்தவர் நாட்டை ஆளும் பெருந்தலைவர் என்பது பிறகு தெரிகிறது. மழை இரவில் வந்த அடியவருக்காக, விதைத்த நெல்லை வாரி வந்து, கூரைக் கழியை உருவி அடுப்பெரித்த இளையான்குடி மாறநாயனாரை நினைக்காமல் ஒரு தமிழரால் இந்தக் கதையைக் கடக்க முடியுமா?

எழுத்துக்கூட்டல் பற்றிச் சுருக்கமாக ஒரு செய்தி. 'பொன்சாய்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஜப்பானிய ஒலியில் குறில்தான் உண்டு என்பதால் அது தவறில்லை. ஆனால் கண் முதலில் பொன்னைப் பார்த்துவிடுகிறது. செடிக்கடை விலைச்சீட்டைப் பார்த்தவர்கள் அதுவும் பொருத்தம்தான் என்பார்கள். நான் பரவலான வழக்கை ஒட்டிப் 'போன்சாய்' என்றே எழுதுகிறேன். தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரத்தை வல்லொலியாகப் படிப்பதால், நம் வாயில் அது சீன உச்சரிப்பின் பக்கம் சற்றுச் சாய்கிறது.

உயரம் ஏன் முக்கியம் இல்லை என்பதற்கு வருவோம். போன்சாய் என்று தனி மர இனம் கிடையாது. விதையும் கன்றும் சாதாரண மரத்தினுடையவை. நிலத்தில் நட்டால் அந்த ஆல் ஆலாகவே எழும்பும். உயரத்தைக் குறைப்பதற்குக் கலை தேவையில்லை. கன்றை இடுப்பளவில் வெட்டினால் குட்டை மரம் தயார். பல ஆண்டுகள் எடுப்பது வேறு: முழங்கால் உயரத்தில் நிற்கும் ஒன்றை, நூறு ஆண்டு வெயிலும் காற்றும் பார்த்த பெருமரம் என்று கண் நம்ப வேண்டும். அதற்கு அடி பருத்து மேலே போகப் போக மெலிய வேண்டும். வேர்கள் மண்ணைப் பற்றிப் பரவி நிற்க வேண்டும். கிளை பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, மயிரிழைச் சிம்பு வரை போக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வேலையின் முதல் சில ஆண்டுகள் மரத்தை ஓடவிடும் ஆண்டுகள். தட்டில் வைத்துக் கட்டுப்படுத்திவிட்டால் அடிமரம் பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே நிலத்திலோ பெரிய தொட்டியிலோ நட்டு, பின்னால் வெட்டி எறியப்போகும் கிளை ஒன்றை வேண்டுமென்றே நீள விடுவார்கள். அந்தக் கிளை உண்டு கொழுக்கும்போது அதற்குக் கீழுள்ள தண்டும் தடிக்கும். போதுமான பருமன் வந்ததும் கிளை போய்விடும். காயம் மூட இன்னும் சில ஆண்டுகள். அதன்பின் முதற்கிளைகள், பிறகு துணைக்கிளைகள், பிறகு சிம்புகள். வளரவிடாமல் தடுத்தார்கள் என்று கவிதை எழுதுகிறவர்கள் இந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை.

நறுக்குவதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: கவாத்து. அகராதியில் அதற்குப் படைப்பயிற்சி என்ற பொருளும் உண்டு, கிளை நறுக்கல் என்ற பொருளும் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தமிழர்களுக்கு இது அன்றாடச் சொல். போன்சாய்க்காரர்கள் செய்வதும் கவாத்துதான், இன்னும் நுணுக்கமாக. நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள், கீழேயுள்ள கணுமொட்டுகளை எழவிடாமல் வைத்திருக்கிறது. நுனியை நறுக்கினால் அந்தத் தடை நீங்கி, உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. எந்தப் பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டுகிறோமோ அந்தப் பக்கம் புதிய கிளை போகும். கம்பியே சுற்றாமல், வளரவிட்டு வெட்டி, வளரவிட்டு வெட்டித் திசை திருப்பும் இந்த முறை தென்சீனாவின் லிங்னான் மரபுக்குப் பெயர் வாங்கித் தந்தது.

ஜப்பானிய முறையில் கம்பிக்கு இடம் அதிகம். செம்பு அல்லது அலுமினியக் கம்பியை, கிளைப் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடிமனில் தேர்ந்து, 45 பாகைச் சாய்வில் சுற்றி வளைப்பார்கள். புத்தகங்கள் பல மாதம் விட்டுவைக்கச் சொல்லும். அவை நான்கு பருவம் உள்ள ஊரில் எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் மரம் ஆண்டு முழுவதும் வளர்கிறது. சில வாரங்களிலேயே கம்பி பட்டைக்குள் புதையத் தொடங்கும். அந்தத் தழும்பு ஆற ஆண்டுகள் ஆகும். நம் ஊரில் வேகம் வரமும் தொல்லையும். இலையுதிர்க்காலம் வராததால் ஆரோக்கியமான அத்தி இன மரங்களின் இலைகளைக் கையாலேயே களைந்து, சிறிய புது இலைகளை வரவழைக்கிறார்கள்.

இங்கே விரும்பி வளர்க்கப்படுவது ஆங்கிலப் பெயரின் வழியாக 'நீர்மல்லிகை' எனப்படும் மரம். பெயரில் மல்லிகை இருந்தாலும் மல்லிகைக்கு உறவில்லை; தமிழ்நாட்டு வெட்பாலையின் பேரினத்தைச் சேர்ந்தது. வெள்ளைப் பூக்கள் மெல்லிய காம்பில் தலைகீழாகத் தொங்கி மணக்கும். இலையைக் களைந்து நறுக்கினால் அடுத்த துளிரோடு பூவும் வரும். ஆல், இச்சி, காகிதப்பூ, புளி எல்லாம் இந்த வெப்பத்துக்கு ஏற்றவை. குளிர்நாட்டுப் பைனைக் கடையில் பார்த்து மயங்கி வாங்குகிறவர்களுக்கு என் அனுதாபம். இன்னொன்று, தட்டுக்கு அடியில் நீர் தேங்கும் ஏந்துதட்டு வேண்டாம். டெங்கி கொசுவுக்கு அது போதும். அபராதக் கடிதம் பின்னாலேயே வரும்.

இந்தக் கலையின் துணைச்சொற்களில் இரண்டைத் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவது 'ஷாரி'. அடிமரத்தில் பட்டை உரித்து வெளுத்து நிற்கும் செத்த பகுதிக்கு இந்தப் பெயர். இது வடமொழி 'சரீர'. புத்தரின் உடல் எச்சங்களைக் குறித்த சொல் சீனம் வழியாக ஜப்பான் போய், மரத்தின் எலும்பு போன்ற வெண்பகுதிக்கும், சுஷிக் கடையில் சோற்றுக்கும்கூடப் பெயரானது. கச்சேரியில் 'நல்ல சாரீரம்' என்று சொல்கிறோமே, அதற்கும் இதே வேர். ஷாரியைத் தமிழில் தனியாக மொழிபெயர்க்க வேண்டாம். 'வெள்வைரம்' என்று விளக்கம் மட்டும் கொடுக்கலாம். சிங்கப்பூர் ஈரத்தில் அது எளிதில் உளுத்துப்போவதால் கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் பூசுகிறார்கள்.

இரண்டாவது 'மோச்சிகோமி'. மரம் தட்டில் கழித்த காலமும், அந்தக் காலம் அதன்மேல் ஏற்றிய தோற்றமும் சேர்ந்தது. மரத்தின் வயதும் மோச்சிகோமியும் ஒன்றல்ல. காட்டிலிருந்து நேற்று எடுத்து வந்த நூறாண்டு மரத்துக்கு மோச்சிகோமி பூச்சியம். ஹிரோஷிமாவின் யமாகி குடும்பத்தில், 1625 முதல் கலத்தில் வளர்ந்ததாகக் குறிக்கப்படும் வெண்பைன் ஒன்று 1945 அணுகுண்டுக்குத் தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய் இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. சொல்லின் முழுப் பொருளுக்கு அந்த மரமே உரை. இதற்குத் 'தொட்டிப் பழக்கம்' என்பது என் பரிந்துரை. கைப்பழக்கம், நாப்பழக்கம் போல.

கடைசியாகத் தலைச்சொல். 'குறுமரம்' அழகான சொல்தான், ஆனால் தாவரவியலில் உயரம் குறைந்த மர வகையைச் சொல்லும் வேலைக்கு அது ஏற்கெனவே தேவைப்படுகிறது. 'தட்டுமரம்' பொருளுக்கு மிக நெருக்கம். என்றாலும் காதில் விழும்போது யாரோ மரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது. 'தொட்டிமரம்' என்றால் தாழ்வாரத்தில் நிற்கும் கறிவேப்பிலையும் வந்து சேர்ந்துகொள்ளும்.

நான் ஆதரிப்பது 'தாழிமரம்'. கலத்தில் நட்டு வளர்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில், தாழியில் வளர்த்த குவளைப் பூவைச் சொல்லும் 'தாழிக் குவளை' என்ற தொடர் வருகிறது. கலத்தின் பெயரை முன்னால் வைத்துச் செடியின் பெயரைப் பின்னால் வைக்கும் அந்த அமைப்பு, போன்சாயின் அமைப்பை ஒத்தது. இரண்டு மறுப்புகள் எழும். தாழி ஆழமான கலம், போன்சாய்த் தட்டு ஆழமற்றது: உண்மை. முதுமக்கள் தாழி நினைவுக்கு வரும்: அதுவும் உண்மை, ஆனால் வெண்ணெய்த் தாழியும் நம்மிடம் இருக்கிறது. 'தாழ்' என்ற ஒலியில் தாழ்ந்து படர்ந்த கலம் ஒன்று கேட்பதுபோல் எனக்குப் படுகிறது. இது சொற்பிறப்பு ஆராய்ச்சி இல்லை, காதின் ஆசை.

செய்தியிலும் அறிவிப்பிலும் முதல் முறை 'போன்சாய் எனப்படும் தாழிமரம்' என்றும், அடுத்த வரியிலிருந்து தாழிமரம் என்றும் எழுதலாம். தாழிமரக் கலை, தாழிமரக் கண்காட்சி, தாழிமரக் கவாத்து என்று ஒட்டு நன்றாகவே சேர்கிறது. சமூக மன்றப் பயிற்சி வகுப்புக்குத் தமிழில் சுவரொட்டி எழுதுகிறவர்கள், 'குள்ளமர வளர்ப்பு' என்ற தலைப்பை இந்த முறையாவது விட்டுவிடலாம்.