புண்ணுக்கும் பாயும், கட்டிக்கும் பாயும்

கோபியில் என் சித்தப்பா மகன், கபடி ஆடி தோள்பட்டைத் தசைநாணைக் கிழித்துக்கொண்டவன், சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் காட்டினான். அடியில் துளி வெள்ளைப் பொடி. "ஏனுங்ண்ணா, இதை ஊசியா போட்டா சீக்கிரம் ஆறிருமாமுங்க, நெசமுங்களா?" லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று இருந்தது.

அது பிபிசி-157 (BPC-157) என்ற பெப்டைடு. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த சரம். இன்சுலினில் 51 மணிகள், இதில் 15. எலிகளுக்குக் கொடுத்தபோது தசைநாண் வேகமாக ஆறியது உண்மைதான். மனிதர்களிடம் நடந்தவையோ விரல்விட்டு எண்ணக்கூடிய சின்ன ஆய்வுகள்.

தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு; அதனால்தான் ஆற நாளாகிறது. இந்தப் பெப்டைடு அங்கே புது ரத்தக்குழாய்களை முளைக்கத் தூண்டுவதாக எலி ஆய்வுகள் சொல்கின்றன. சிக்கலும் இங்கேதான். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் மஞ்சளுக்கும் பாயும், நடுவில் முளைத்த கோரைக்கும் பாயும். உடம்பில் எங்கோ தெரியாமல் புற்றுக்கட்டி இருந்தால், அது வளரவும் ரத்தக்குழாய் வேண்டும். சர்க்கரையால் விழித்திரை முற்றிக் கெட்டவர்களுக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதே நோய். இந்த ஊசியால் இப்படி ஆகும் என்று நிரூபணமாகவில்லை. ஆகாது என்றும் நிரூபணமாகவில்லை. எனக்குப் பயம் அதில்தான். குழாய் முளைப்பதைத் தடுக்கவே புற்றுநோயாளிக்கு பெவாசிசுமாப் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே உடம்பில் போனால் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கலாம்.

ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவின் வேலையிலும் இது தலையிடுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் பிரஷர் மாத்திரையோடும், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையோடும் சேர்ந்தால் என்ன ஆகும்? மனிதரிடம் முறையாகச் சோதித்து எழுதிய எச்சரிக்கைச் சீட்டு எதுவும் குப்பியோடு வருவதில்லை.

அப்புறம் சுத்தம். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். மருந்தில் அசுத்தம் இருந்ததால் குத்திய இடத்தில் சீழ் கட்டியது. சுத்திகரித்து 12 நாள் கழித்துப் போட்டது வேலை செய்தது. நல்ல மருந்துக்கே அந்தக் கதி. செத்த பாக்டீரியாவின் நச்சு கலந்திருந்தாலும் குளிர்க்காய்ச்சல் வரும்; கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

விளையாட்டுக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் இதைத் தடைசெய்திருக்கிறது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அறுவைச் சிகிச்சை இருந்தால் கட்டாயம். தம்பி இன்னும் போடவில்லை. திங்கட்கிழமை, குப்பியையும் அவன் விழுங்கும் வலி மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் கிளம்பினோம்.