கணவனின் கோப்பையும் நுரைத்தது

மட்டக்களப்பில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவது பழைய வழக்கம். அதனால் மாதவிடாய் நான்கு நாள் பிந்தினால் அது இருவருக்கு மட்டுமான செய்தியாக இருப்பதில்லை. அம்மா, பெரியம்மா, பக்கத்து வளவு மாமி வரை போய்விடும். ஆளுக்கொரு சோதனையும் சொல்வார்கள். சீனியில் சிறுநீரை ஊற்று, கட்டிபட்டால் பிள்ளை. பற்பசையில் ஊற்று, நுரைத்தால் பிள்ளை.

கல்லடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி பற்பசைச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். நன்றாகவே நுரைத்தது. மனைவி விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், சும்மா விடவில்லை. இன்னொரு கோப்பையில் அதே அளவு பற்பசையை வைத்து, கணவனின் சிறுநீரை ஊற்றச் சொன்னார். அதுவும் நுரைத்தது. அந்த இரண்டாவது கோப்பையைப் பாடப்புத்தகம் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று சொல்லும். பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீடுகளில் நடக்கும் ஆராய்ச்சிகளில் அநேகமாக விடுபட்டுப் போவது அந்தக் கோப்பையே.

நுரைக்கான காரணம் எளிது. பல பற்பசைகளில் கல்சியம் காபனேற்று இருக்கிறது. சிறுநீர் பெரும்பாலும் சற்று அமிலத்தன்மை உடையது. இரண்டும் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வாயு வெளியேறும். தேசிக்காய்ச் சாற்றை விட்டாலும் நுரைக்கும். தேசிக்காய் கர்ப்பமாக இருக்கத் தேவையில்லை. சீனிச் சோதனைக்கும் இதே கதி. கர்ப்ப ஓமோனான எச்.சி.ஜி., கடையில் விற்கும் சோதனைப் பட்டி கண்டுபிடிக்கும் தொடக்க அளவில், ஒரு மில்லிலீட்டர் சிறுநீரில் ஏறத்தாழ 3 நானோகிராம் இருக்கும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அவ்வளவு சொற்பமான பொருள் ஒரு கரண்டிச் சீனியின் கரைதலை எப்படி மாற்றும்?

அந்தச் சொற்பத்தை மருந்துக் கடைப் பட்டி பிடித்துவிடுகிறது என்பதுதான் வியப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் பட்டியில் சிறுநீர் ஏறுகிறது. வழியில் மிக நுண்ணிய தங்கத் துணிக்கைகள் காத்திருக்கும். தங்கத்தை அவ்வளவு சிறிதாக்கினால் அதன் நிறம் மஞ்சளல்ல, சிவப்பு. ஒவ்வொரு துணிக்கையிலும் எச்.சி.ஜி.யைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் ஒட்டப்பட்டிருக்கும். ஓமோன் இருந்தால் துணிக்கை அதைச் சுமந்துகொண்டு மேலே போகும். சோதனைக் கோட்டில் நிலையாகப் பதிக்கப்பட்ட இன்னொரு பிறபொருளெதிரி அதே ஓமோனின் மறுபக்கத்தைப் பிடிக்கும். நடுவில் ஓமோன் அகப்பட்டால்தான் தங்கம் அங்கே தங்கும், கோடு சிவக்கும். ஓமோன் இல்லையென்றால் துணிக்கைகள் அதைத் தாண்டிப் போய்விடும்.

தாண்டிப் போகும் துணிக்கைகளுக்காக அடுத்ததாகக் கட்டுப்பாட்டுக் கோடு என்று ஒன்று இருக்கிறது. அது ஓமோனைக் கணக்கில் எடுப்பதில்லை. துணிக்கையின் பிறபொருளெதிரியையே பிடிக்கும். அது சிவந்தால் பட்டி வேலை செய்தது என்று பொருள். சிவக்காவிட்டால் மற்றக் கோடு என்ன சொன்னாலும் குப்பையில் போடவேண்டியதுதான். ஆசிரியையின் இரண்டாவது கோப்பைக்குரிய வேலையில் ஒரு பங்கைத் தொழிற்சாலையிலேயே பட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலான பட்டிகளை 2 முதல் 30 பாகை செல்சியசுக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். வெயில் காலத்தில் நம் ஊர் அதை மதியத்துக்குள் தாண்டிவிடுவதால், தகரக் கூரைக்குக் கீழோ ஈரமான குளியலறையிலோ பட்டியை வைப்பது நல்லதல்ல.

கர்ப்பத்தைப் பார்க்கும் பட்டியும் சூல், அதாவது பெண்ணின் கருமுட்டை, வெளியேறும் நாளைக் கணிக்கும் பட்டியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் வரும் குழப்பம் பெரிது. இரண்டாவது பட்டி தேடுவது எல்.எச். என்ற ஓமோனை. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி அதை எப்போதும் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும். சூல் வெளியேறுவதற்கு 24 முதல் 36 மணித்தியாலத்துக்கு முன் ஒரேயடியாக அதிகரிக்கும். ஆகவே இதில் மங்கலான இரண்டாவது கோடு சாதாரண நாளிலும் வரும். சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் செய்தி. கர்ப்பப் பட்டியில் மங்கலான கோடும் பெரும்பாலும் ஆம் என்பதே. சூல் பட்டியில் மங்கல் என்றால் இல்லை. சூலகத்தில் பல நீர்க்கட்டிகள் தோன்றும் குறைபாடு உள்ள பெண்களில் எல்.எச். எப்போதுமே உயர்ந்திருக்கக்கூடும்; அவர்களை இந்தப் பட்டி ஏமாற்றலாம். சோதனைக்குச் சற்று முன் இரண்டு இளநீர் குடித்தாலும் சிறுநீர் ஐதாகி, வரவேண்டிய கோடு மங்கிவிடும்.

இன்னொரு வீட்டு ஆராய்ச்சி வெப்பமானி. விடியற்காலையில், படுக்கையை விட்டு எழுமுன், நாவின் கீழ் வைத்துப் பார்த்துத் தினமும் குறித்துக்கொள்வது. சூல் வெளியேறிய பிறகு அது இருந்த இடத்தில் உருவாகும் மஞ்சட் சடலம் புரொஜெஸ்தரோனைச் சுரக்கிறது. அந்த ஓமோன் உடல் வெப்பநிலையை 0.2 முதல் 0.5 பாகை வரை உயர்த்தும். இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் காண்பதற்கு முன் மூன்று மணித்தியாலமாவது தொடர்ந்து தூங்கியிருக்கவேண்டும். நடு இரவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்ற இரவும், வயலுக்கு யானை வந்துவிட்டது என்று அம்பாறைப் பக்கம் ஊரே விழித்திருந்த இரவும் அட்டவணையில் பொய்ப் புள்ளிகளாகவே விழும். அதைவிடப் பெரிய குறை, வெப்பநிலை உயரும்போது காரியம் நடந்து முடிந்திருப்பது. சூல் 12 முதல் 24 மணித்தியாலமே உயிரோடிருக்கும். விந்தோ ஐந்து நாள் வரை காத்திருக்கும். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்தது. கருத்தரிப்பு நிகழ்ந்ததெல்லாம் சூல் வெளியேறிய நாளோடு முடியும் ஆறு நாட்களுக்குள் நடந்த உறவால்தான் என்று அது கண்டது. அந்த ஆறு நாளில் வெப்பமானி சொல்லக்கூடியது எதுவும் இல்லை. மூன்று நான்கு மாத அட்டவணையைச் சேர்த்துப் பார்த்தால் அடுத்த மாதத்தை ஊகிக்கலாம், மாதவிடாய் ஒழுங்காக வந்தால்.

அன்னாசியின் நடுத்தண்டு, பேரீச்சம்பழம், உறவுக்குப் பின் காலை உயர்த்திக் கிடப்பது போன்றவற்றையும் வீடுகளில் பரிசோதனை என்றே நடத்துகிறார்கள். எதுவும் செய்யாமலே நூற்றில் எண்பதுக்கு மேற்பட்ட தம்பதியருக்கு ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறது. அந்தந்த மாதத்தில் என்ன சாப்பிட்டார்களோ அது பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரருக்கு வைத்த நேர்த்தியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது தன்னைப் பரிசோதனை என்று சொல்லிக்கொள்வதில்லை. அன்னாசி சொல்லிக்கொள்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் பெண்ணின் உடலில் நடக்கும் சோதனைகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். கருத்தரிக்காத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரில் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. எனினும் ஆண் கோப்பையைக் கையில் எடுப்பது கடைசியில்தான். இத்தனைக்கும் விந்தை முதலில் உலகுக்கு விவரித்துச் சொன்னதே ஒரு கணவனின் வீட்டு ஆராய்ச்சி. 1677இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி அந்தனி வான் லீவன்ஹூக், தானே செய்த நுணுக்குக்காட்டியில் தன் விந்துப் பாய்மத்தை வைத்துப் பார்த்து, இலண்டன் ரோயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்கு எழுதினார். மனைவியோடு கூடிய பின் எஞ்சியதே அது, பாவமான வழியில் எடுத்ததல்ல என்று விளக்கமும் கொடுத்தார்.

விந்து உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுக்கும். மார்கழி மழைக்குப் பின் டெங்குக் காய்ச்சலில் கிடந்தவரின் அறிக்கை மாசியிலும் பங்குனியிலும் மோசமாக வரலாம். கடுங்காய்ச்சல் விந்து உற்பத்தியைத் தற்காலிகமாகக் குலைக்கும். ஆகவே ஒரு மோசமான அறிக்கையோடு முடிவுக்கு வராமல் சில வாரங்கள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். பெண்ணுக்கு 35 வயதுக்குக் கீழ் என்றால் ஓராண்டு முயன்ற பிறகும், அதற்கு மேல் என்றால் ஆறு மாதத்திலும் இருவரும் சேர்ந்தே வைத்தியரைப் பார்ப்பது முறை. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. விந்துச் சோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்க்கவேண்டும். மாதிரியை ஒரு மணித்தியாலத்துக்குள், குளிரவிடாமல் ஆய்வுகூடத்தில் சேர்க்கவேண்டும். படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி நகரத்துக்கு வருகிறவர் வீட்டில் எடுத்துக்கொண்டு வருவதைவிட ஆய்வுகூடத்திலேயே தனியறை கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.