புரொபேஷன் என்றால் என்ன?

வேலைக்குச் சேர்ந்தவர் "இன்னும் புரொபேஷன் முடியல" என்கிறார், நீதிமன்றமும் ஒருவரைப் புரொபேஷனில் விடுகிறது. சோதித்துப் பார்ப்பதைக் குறிக்கும் 'ப்ரொபாரே' என்ற லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் வேர். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. வேலைக்குத் தகுதிகாண் பருவம். நீதிமன்றத்துக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு, அதைச் செய்பவர் நன்னடத்தை அலுவலர்.

இந்த இரண்டாவது பொருளுக்கு வழிபோட்டவர் ஜான் அகஸ்டஸ், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். 1841இல் குடிபோதை வழக்கில் சிறைக்குப் போகவிருந்த ஒருவருக்கு அவர் தானாகவே ஜாமீன் நின்றார், இனிக் குடிப்பதில்லை என்று எழுதியும் வாங்கினார். மூன்று வாரம் கழித்து அந்த ஆள் தெளிந்து வந்து நின்றதைப் பார்த்த நீதிபதி, சிறைக்கு அனுப்பாமல் ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் மட்டும் விதித்தார். அப்புறம் 1859இல் இறக்கும்வரை அகஸ்டஸுக்கு இதுவே வேலையாகிவிட்டது. மாசசூசெட்ஸ் 1878இல்தான் இதற்குச் சட்டம் இயற்றியது. நம் சென்னை மாகாணத்துக்கு 1936இலேயே தனிச் சட்டம் வந்தது, இந்திய அளவில் 1958இல்.

நம் செய்திகளில் 'நன்னடத்தை அடிப்படையில் விடுதலை' என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறார்கள், அதில்தான் எனக்கு வருத்தம். அண்ணா பிறந்தநாளையொட்டி ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவதற்கும் அதே வார்த்தை. அவர்கள் சிறையில் பல வருடம் கழித்தவர்கள், புரொபேஷனில் போகிறவரோ குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் அந்தத் தண்டனைக்காகச் சிறைக்கே போகாதவர். பரோல் வேறு, அது சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வருவது. அதனால் 'கண்காணிப்பு' என்ற பாதியை விடாமல் எழுதுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

1958 சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இடமில்லாத குற்றம் என்றால், அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையும் சேர்ந்தால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. எங்கே குடியிருக்க வேண்டும், போதைப்பொருளைத் தொடக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடலாம், மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை கிடைக்கலாம். போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடிமையானவர் சொந்த உபயோகத்துக்கோ சிறு அளவுக்கோ பிடிபட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானால், அவர் சம்மதத்தோடு சிறைக்குப் பதில் அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அனுப்பலாம். இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கின்றன, வக்கீலிடம் முதல் நாளே இதைக் கேளுங்கள்.