படிக்கும் அறையில் கேமரா எதற்கு?

இந்த மாதத்தில் இது மூன்றாவது பிள்ளை. என் ஓவிய வகுப்பில் மளமளவென்று வரைந்துகொண்டிருந்தவள், இப்போது ஒரு கோடு போட்டதும் ரப்பரைத் தேடுகிறாள். விசாரித்தால், வீட்டில் படிக்கும் அறையில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். அப்பா ஆபீஸிலிருந்து போனில் பார்க்கிறார்.

பெற்றோரிடம் பேசினால் ஒரே பதில்தான்: "தப்பு செய்யாதவளுக்கு என்ன சார் பயம்?" எனக்கு ஆத்திரம் வருவது இந்தக் கேள்வியில்தான். குளிக்கும்போது கதவைச் சாத்துகிறீர்களே, உள்ளே என்ன தப்பு செய்கிறீர்கள்? சமையலறையில் தனியாகப் பாடிக்கொண்டிருப்பவர், ஆள் வந்ததும் நிறுத்திவிடுகிறார். பாடுவது குற்றமா? யாரோ பார்க்கிறார்கள் என்றதும் நம்மை நாமே அடக்கிக்கொள்கிறோம். பார்ப்பது பெற்ற அப்பாவாக இருந்தாலும் அப்படித்தான்.

உண்மையான கேமராகூட வேண்டாம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் டீ, காபிக்கு அவரவரே காசு போடும் பெட்டிக்கு மேலே ஒரு வாரம் பூப்படம், ஒரு வாரம் கண்களின் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு அது. கண்கள் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்தது. "அப்போ நல்லதுதானே சார்?" என்றார் ஒரு அம்மா. காசு போடுவதற்கு நல்லதுதான் அம்மா. வரையப் பழகுகிறவள் நாலு தாளையாவது கெடுக்க வேண்டும். கண் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளை கெடுக்கும்?

அப்புறமும் புரியாதவர்களுக்குச் சீனக் கலைஞர் ஐ வெய்வெயின் படைப்பைக் காட்டுகிறேன். 2011இல் அரசு அவரை 81 நாள் அடைத்து வைத்தது. தூங்கும்போதும் கழிப்பறையிலும் பக்கத்திலேயே இரண்டு காவலர்கள். வெளியே வந்தவர் அந்த அறையை, காவலர்களோடு சேர்த்து, ஆறு இரும்புப் பெட்டிகளுக்குள் பொம்மைகளாக வடித்து 2013இல் வெனிஸில் ஒரு தேவாலயத்தில் வைத்தார். சின்னத் திறப்பில் கண்ணை வைத்து எட்டிப் பார்த்தால்தான் உள்ளே தெரியும். எட்டிப் பார்க்கிறவர் மூன்றாவது காவலராகிவிடுகிறார்.

கேமரா வாசலுக்குப் போதும். படிக்கும் அறையில் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். "ஆஃப் பண்ணிட்டேன்" என்பது செல்லாது. சுவரில் இருக்கும்வரை பிள்ளைக்கு அது பார்க்கிற கண்தான். அவளாகக் காட்டாத நோட்டைப் புரட்டாதீர்கள். அவள் போனைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் பாருங்கள். கவலையாக இருந்தால், தயவுசெய்து, பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையிடமே கேளுங்கள்.

கழற்றிய மறுநாளே வரைந்துவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். போன வருடம் ஒரு பையனுக்கு மூன்று மாதம் ஆயிற்று.