ஃப்ரேசல் வெர்ப் தெரியும், ‘இட்’டை எங்கே வைப்பது?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப், அல்லது போட்டித் தேர்வு கைடில் இருந்த பக்கம். ‘டர்ன் ஆஃப் என்றால் அணை, புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு, கால் பேக் என்றால் திருப்பிக் கூப்பிடு’ என்று வரிசையாகப் போகும். கேட்டால் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் பேசச் சொன்னால் ‘ப்ளீஸ் டர்ன் ஆஃப் இட்’, ‘ஐ வில் கால் பேக் யூ’ என்று வருகிறது. நன்றாகப் படித்தவர்கள், ஆபீசில் தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறவர்கள் வாயிலும் இதைக் கேட்கிறேன். அந்தப் பட்டியல்தான் அவர்களை இப்படிப் பழக்கிவிடுகிறது என்பது என் கருத்து.

விதி சின்னதுதான். ‘டர்ன் ஆஃப்’ போல இரண்டு சொல் சேர்ந்து ஒரே வினையாக நிற்பதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். இதில் பிரிகிற வகையோடு ஒரு பொருளின் பெயர் வந்தால் அதை இரண்டு இடத்தில் வைக்கலாம். ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’ சரி, ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’ என்பதும் சரி. ஃபேன் என்ற பெயரை விட்டுவிட்டு ‘இட்’ என்று சொன்னால் அதற்கு ஒரே இடம்தான்: ‘டர்ன் இட் ஆஃப்’. மீ, யூ, ஹிம், ஹெர், அஸ், தெம் எல்லாமே இப்படி நடுவில்தான் வரும். ‘வேக் ஹெர் அப்’, ‘கிவ் தெம் பேக்’, ‘ஐ வில் கால் யூ பேக்’.

ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசிப் பகுதிக்குத்தான் பொதுவாக அழுத்தம் விழும். கேட்பவருக்குப் புதிதாக எதைச் சொல்கிறோமோ அது அங்கே போய் நிற்கும். ‘இட்’ என்பது ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்ட பொருள். அதனால் அதை நடுவில் மெதுவாகச் சொல்லிவிட்டு ‘ஆஃப்’ என்பதில் குரலை உயர்த்துகிறார்கள். பெயர் நீளமாக இருந்தால் அது கடைசிக்குப் போவதும் இதை ஒட்டித்தான்: ‘டர்ன் ஆஃப் தி லைட்ஸ் இன் தி பேக் ரூம்’.

நமக்கு இது ஏன் தடுக்குகிறது என்றால், தமிழ் வேறு மாதிரி வேலை செய்கிறது. ‘குப்பையைத் தூக்கிப் போடு’ என்கிறோம், ‘அதைத் தூக்கிப் போடு’ என்கிறோம். குப்பையோ அதுவோ, முன்னால்தான் நிற்கும். ‘தூக்கி’க்கும் ‘போடு’வுக்கும் நடுவில் வந்து உட்காராது. இரண்டு சொல்லையும் ஒட்டியே வைத்துப் பழகிய நாக்குக்கு ‘த்ரோ அவே இட்’ என்பதுதான் இயல்பாகத் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் பல நேரம் ‘அதை’ என்ற சொல்லே தேவைப்படாது. “ஃபேன் ஓடுதே?” என்று அம்மா கேட்டால் “அப்பவே அணைச்சிட்டேன்மா” என்றால் போதும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ‘ஐ ஸ்விட்ச்ட் ஆஃப்’ என்று நிறுத்தினால், ‘என் கவனம் போய்விட்டது, நான் கேட்பதையே நிறுத்திவிட்டேன்’ என்ற பொருள் வந்துவிடும். ‘ஐ ஸ்விட்ச்ட் இட் ஆஃப்’ என்று சொன்னால்தான் ஃபேன் நிற்கும்.

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் நர்ஸ்களிடம் இதைக் கிட்டத்தில் பார்க்கிறேன். அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல் பிளே இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளி மாதிரிப் பேசுவார். பயிற்சியில் நான் நோயாளி. கையில் போட்டிருக்கும் ஊசியைக் காட்டி ‘வென் வில் யூ டேக் இட் அவுட்?’ என்று கேட்கிறேன். எதிரில் இருக்கும் தங்கை மிகக் கனிவாக, தயக்கமில்லாமல் ‘வீ வில் டேக் அவுட் இட் டுமாரோ’ என்கிறாள். சரியான வாக்கியம் கேள்விக்குள்ளேயே இருந்தது. அவள் காது அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘இட்’ இருந்த இடத்தை விட்டுவிட்டது. இப்படிப்பட்டவர்களிடம் நான் இலக்கணம் பேசுவதில்லை. ஒரு தலையணையை நோயாளியாக வைத்து, கையால் செய்துகொண்டே சொல்ல வைக்கிறேன்: ‘டர்ன் ஹிம் ஓவர்’, ‘சிட் ஹிம் அப்’, ‘டேக் இட் அவுட்’, ‘புட் இட் பேக்’. கை திருப்பும்போது வாயும் சேர்ந்து திரும்புகிறது. அப்புறம் மறப்பதில்லை.

இந்த விதி கைவந்ததும் அடுத்த சிக்கல் வரும். ‘லுக் ஹிம் ஆஃப்டர்’, ‘வெயிட் மீ ஃபார்’ என்று எல்லாவற்றையும் பிரிக்க ஆரம்பிப்பார்கள். இவை பிரியாத வகை. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’, ‘வெயிட் ஃபார் மீ’, ‘லுக் ஃபார் இட்’ என்றுதான் வரும். ‘ஃபார்’ இங்கே பின்னால் வரும் ஆளையோ பொருளையோ சேர்ந்தது. பல இடங்களில் காதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ ஓங்கி ஒலிக்கும். ‘வெயிட் ஃபார் மீ’ என்பதில் ‘ஃபார்’ பாதி விழுங்கப்பட்டுத்தான் வரும்.

இடம் மாறினால் பொருளே மாறுகிற ஜோடிகளும் இருக்கின்றன. ‘ஹி டர்ன்ட் இட் ஆன்’ என்றால் எதையோ ஆன் செய்தார். ‘தி டாக் டர்ன்ட் ஆன் ஹிம்’ என்றால் நாய் அவர்மேல் பாய்ந்துவிட்டது. ‘ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் சா ஹிம் த்ரூ’ என்றால் கஷ்டம் தீரும்வரை நண்பர்கள் கூட நின்றார்கள். ‘ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் சா த்ரூ ஹிம்’ என்றால் அவனுடைய வேஷத்தைக் கண்டுகொண்டார்கள். ‘ஹிம்’ ஓர் இடம் நகர்ந்ததில் நல்லவன் ஏமாற்றுக்காரனாகிவிடுகிறான். வெறும் ‘சீ த்ரூ’ என்று எழுதி எதிரே ஒரு தமிழ் அர்த்தம் போடும் பட்டியல் இதைச் சொல்லித்தரவே முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் போன்ற மாணவர் அகராதிகளைத் திறந்து பாருங்கள். ஃப்ரேசல் வெர்பின் நடுவிலோ பின்னாலோ ‘சம்திங்’, ‘சம்படி’ என்று இடத்தைக் குறித்திருப்பார்கள். இருபக்கமும் முனை உள்ள அம்புக்குறி இருந்தால் பெயர்ச்சொல் இரண்டு பக்கமும் வரலாம் என்று பொருள். நோட்டில் எழுதும்போது நீங்களும் ‘டர்ன் ஆஃப்’ என்று எழுதாதீர்கள். ‘டர்ன் இட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்று ப்ரோனவுனோடு சேர்த்தே எழுதுங்கள், அப்படியே படியுங்கள்.

மூன்று சொல் சேர்ந்து வருபவற்றில் பெரும்பாலும் ப்ரோனவுன் கடைசியில்தான்: ‘ஐ கான்ட் புட் அப் வித் இட்’, ‘வீ ரேன் அவுட் ஆஃப் இட்’. சிலவற்றில் ஆள் நடுவிலும் விஷயம் கடைசியிலும் வரும். “ஒருநாள் சாப்பிட வாங்களேன்” என்று யாராவது அழைத்து, உங்களுக்கும் உண்மையிலேயே போக விருப்பம் இருந்தால் சொல்ல அழகான வாக்கியம் ஒன்று இருக்கிறது: ‘ஐ வில் டேக் யூ அப் ஆன் தட்’.