ஏற்காட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பப்படும் வயதான நாய்கள்: ஒரு கால்நடை மருத்துவரின் வேண்டுகோள்

மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்படும் வயதான நாய்களில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றாகவே இருக்கிறது. சேலத்தில் ஒரு காப்பகத்திலிருந்தோ, ஊர் மாறிப் போகும் குடும்பத்திடமிருந்தோ நல்ல மனம் படைத்த ஒருவர் அந்த நாயை ஏற்றுக்கொள்கிறார். ஏற்காட்டில் தமக்குள்ள காபித் தோட்டத்தில் கொண்டுபோய் விடுகிறார். முதலில் சனி ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறார், பிறகு மாதம் ஒருமுறை பார்க்கிறார். சென்ற வாரம் அப்படி வந்த ஒரு பெண் லாப்ரடாரின் முன்காலைத் தூக்கிப் பார்த்தபோது, பக்க நகம் வளையமாக வளர்ந்து திரும்பவும் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது, சுற்றிலும் சீழ். விரலிடுக்குகளில் இரத்தம் குடித்துப் பருத்த உண்ணிகள் ஆமணக்கு விதைகளைப் போல் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அழைத்துவந்த காவலாள் தம்மால் இயன்றதைச் செய்திருந்தார்: இரண்டு வேளைச் சோறு, ஜெனரேட்டர் அறையின் ஓரத்தில் ஒரு கோணிச்சாக்கு. "நல்லா எடம் இருக்கு, சுத்திக்கிட்டு இருக்கட்டும்னு ஓனர் சொன்னாருங்க டாக்டர். இது எங்கீங்க சுத்துது, படுத்தேதான் கெடக்குதுங்க" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. "நல்லா எடம் இருக்கு" என்ற எண்ணத்தின் மீதுதான் கோபம்.

பெரிய உடம்புள்ள இனங்கள் ஏழு வயதிலும், பொமரேனியன் போன்ற சிறிய இனங்கள் பத்து வயதை ஒட்டியும் முதுமைக்குள் நுழைகின்றன. அந்த வயது நாய் பகலிலும் இரவிலுமாக நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். அதற்கு ஐந்து ஏக்கர் எதற்கு? வழுக்காத தரை வேண்டும், சிறுநீர் கழிக்கப் பத்தடி நடந்தால் போதும் என்ற தூரத்தில் மண் வேண்டும், கழுத்தை வலியோடு தாழ்த்தாமல் குடிக்கும் உயரத்தில் தண்ணீர் வேண்டும், இராத்திரி எழுந்து நின்றால் "என்னடா?" என்று கேட்கும் குரல் வேண்டும். இவற்றில் எதையும் ஏக்கர் கணக்கு தருவதில்லை. மாறாக, காது மந்தமான நாய்க்குப் பின்னோக்கி வரும் ஜீப்பின் சத்தம் கேட்காது. பார்வை குறைந்த நாய் காபிச் செடிகளுக்கிடையே வழி தவறினால் திரும்பத் தெரியாது. காட்டுப்பன்றிக்கென்று வேலியோரம் யாரோ கட்டிய சுருக்குக் கம்பி அதற்கும் விரிந்தே இருக்கிறது. இளம் நாய் காட்டெருமையைக் கண்டால் ஓடிவிடும். மூட்டுத் தேய்ந்த நாய் நின்ற இடத்தில் நின்று குரைக்கும். விசாலமான இடத்தை விரும்புவது நாமே. நகரத்து அடுக்குமாடியில் நமக்கு மூச்சு முட்டுவதால், நம் ஏக்கத்தை அதன் தலையில் கட்டுகிறோம்.

குளிர்ச்சியான காற்று என்ற வாதமும் இதே வகையைச் சேர்ந்தது. சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும்போது மலைக்காற்று எந்த நாய்க்கும் ஆறுதலே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவம் தொடங்கி வடகிழக்குப் பருவம் ஓயும்வரை ஈரமும் மூடுபனியும் மாறிமாறி வரும். மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். அந்த நாட்களில் சிமெண்டுத் தரையில் படுத்த நாய் காலையில் பின்கால்களை ஊன்ற முடியாமல் இரண்டு மூன்று முறை முயன்று எழுவதைப் பார்த்தவர்கள், குளிர்ச்சி நல்லது என்று பேசமாட்டார்கள். முழங்கை எலும்பு தரையில் அழுந்தி அழுந்தித் தோல் தடித்து, பிறகு புண்ணாகும். தரையிலிருந்து சற்று உயர்ந்த பலகை, அதன்மேல் கனமான மெத்தை, மேலே கூரை, மூன்று பக்கம் சுவர்: இது வசதியன்று, குறைந்தபட்சத் தேவை.

இதைவிட என்னைக் களைப்படையச் செய்வது "வயசாயிடுச்சு, அதான்" என்ற பதில். சாப்பிடவில்லையா, வயசாயிடுச்சு, படுத்தே கிடக்கிறதா, வயசாயிடுச்சு, வாய் நாறுகிறதா, வயசாயிடுச்சு. உண்ணிக் காய்ச்சல் உள்ள நாய் சோர்ந்துதான் கிடக்கும்; அதன் ஈறுகள் வெளுத்திருக்கும், சில நேரம் மூக்கிலிருந்து இரத்தம் கசியும். எர்லிச்சியா என்ற அந்தக் கிருமி, காப்பகத்திலிருந்து வரும் நாயின் உடம்பில் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் தங்கியிருக்கக் கூடியது. இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் சந்தேகம் எழும். நாள்பட்டு முற்றுவதற்குள் கண்டுகொண்டால், நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பெரும்பாலான நாய்களைத் தேற்றிவிடலாம். சாப்பிடாததற்குக் காரணம் பல் வேரில் கட்டிய சீழாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்த சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்து, வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். சனிக்கிழமை முதலாளி வரட்டும் என்று காத்திருந்தால் பார்ப்பதற்கு நாய் இருக்காது. (கண்ணில் தெரியும் நீலச் சாம்பல் மங்கலைக் கண்டு கண்புரை என்று பதறி வருபவர்களும் உண்டு. பெரும்பாலும் அது விழிவில்லையின் மையம் வயதால் இறுகுவது. பார்வையை அதிகம் பாதிக்காது. இந்த ஒன்றுக்கு மட்டும் "வயசாயிடுச்சு" என்பது சரியான பதில்.)

நாகலூர்ப் பக்கம் ஒரு பாட்டியம்மா இருக்கிறார். இரண்டே அறை உள்ள வீடு. வாசலில் இரண்டு மிளகுக் கொடி. கைவிடப்பட்ட ஒரு கிழட்டுப் பொமரேனியனைத் தன்னார்வலர்கள் அவரிடம் சேர்த்தபோது, இடம் போதாதே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்த நாய்க்கு முன்பற்கள் பாதி இல்லை, இடது காது கேட்காது. அவர் அதை அடுப்படிக்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். சில மாதங்களில் என்னிடம் அழைத்துவந்து, "முன்னெல்லாம் சட்டித் தண்ணி சாயங்காலம் வரைக்கும் கெடக்கும் சாமி, இப்ப மத்தியானத்துக்குள்ள காலியாயிருது" என்றார். வேறு குறை எதுவும் அவருக்குத் தெரியவில்லை; நாய் சாப்பிட்டது, வாலாட்டியது. சிறுநீரைச் சோதித்தபோது நீர்த்துப்போயிருந்தது. சிறுநீரகக் கோளாறின் தொடக்கம். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் உயரும்போது சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும் என்பது எங்கள் பாடத்தில் வருவது. அதற்கு முன்பே ஒரு தண்ணீர்ச் சட்டியைக் கவனித்து அவர் வந்துவிட்டார். உணவை மாற்றினோம், அது இன்னும் அடுப்படியில்தான் படுத்திருக்கிறது. தோட்டத்து நாய்களின் சட்டியில் தண்ணீர் எப்போது தீர்ந்தது என்று யாருக்குத் தெரியும்?

வயதான நாய் புது ஆளிடம் ஒட்டாது என்பது வெறும் பேச்சு. முதல் சில நாள் மூலையில் கிடக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். சோறு வைக்கும் கை மாறாமல் இருந்தால் தானாகவே வந்து காலடியில் படுக்கும். செருப்பைக் கடிக்காது, ஏற்கெனவே வீட்டில் வளர்ந்ததாக இருந்தால் வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கும் பழக்கம் இருக்கும், பணி ஓய்வு பெற்றவரின் நடைவேகத்துக்கு ஈடாக நடக்கும். மலையிலும், வாழப்பாடி, ஓமலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் ஓய்வுக்குப் பின் குடியேறியிருக்கும் தம்பதியர் பலருக்கு இதைவிடப் பொருத்தமான துணை அமைவது அரிது. தயவுசெய்து எடுத்து வளருங்கள். எடுத்து வேறொருவரிடம் விடாதீர்கள்.

எடுப்பதற்கு முன் இரத்தம், சிறுநீர், பல் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும், எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமிக்கு எதிரான தடுப்பூசியும் ஆண்டுதோறும் தவறக் கூடாது. உண்ணி மருந்தைத் தவணை தவறாமல் கொடுங்கள். மழைக்காலத்தில் தினமும் விரலிடுக்கு, காது மடல், மூக்குத் துவாரம் மூன்றையும் பாருங்கள், அட்டை மூக்கினுள்ளும் ஏறும். நடக்காத நாயின் நகம் தேயாது, அதை வெட்டித்தான் ஆக வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்தில் காயும் காபிப் பழத்தை நாய் மேயவிடாதீர்கள். காஃபின் அதற்கு நஞ்சு. எலி மருந்து வைத்த கொட்டகையைப் பூட்டுங்கள். இன்னொன்றை உரக்கவே சொல்கிறேன்: நொண்டுகிறதே என்று உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள். டைக்லோஃபெனாக், இப்யூபுரூஃபன் ஆகியவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்; பாராசிட்டமாலும் பாதுகாப்பானதன்று. நாய்க்கென்று வலி மருந்துகள் இருக்கின்றன. அவற்றைக்கூட எடை பார்த்து, சிறுநீரகம் பார்த்தே கொடுக்கிறோம்.

அடிவாரத்தில் காரை நிறுத்திக் கதவைத் திறந்து நாயை இறக்கிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கு அந்தச் சட்டம் முதல் முறை விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஏற்காட்டில் ஒரு காபி குடிக்கும் செலவு.

நாயை மேலே அழைத்துப் போகும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு; கிழட்டு நாய்க்குக் குமட்டும். புறப்படுவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் நாயாக இருந்தால் எங்களைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள். பின் இருக்கையில் வழுக்காத விரிப்பைப் போட்டு ஒருவர் அதைப் பிடித்தபடி உட்காருங்கள். காப்பகத்தில் அது தின்ற உணவையே முதல் வாரம் கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றுங்கள். காப்பகத்துக்கு வரும்போது தோட்டத்தின் புகைப்படங்களைக் காட்ட வேண்டாம். நாய்க்குச் சோறு வைக்கப் போகிறவரையே உடன் அழைத்து வாருங்கள், எந்த மருந்து எந்த வேளைக்கு என்பதை அவரிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.